கத்தியா, மருந்தா? – குடல்வால் அழற்சியும் நான் தவறவிட்ட ஒரு சொல்லும்

முன்னுரை

நான் மருத்துவ மாணவி அல்லள். உயிர்மருத்துவ அறிவியல் துறையில் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பிலிருந்து ஐந்தாம் படிவம் வரை பயின்றேன். அறிவியலைத் தமிழில் தொடங்கி, மலாயில் தொடர்ந்து, இப்போது ஆங்கிலத்தில் கற்று வருகிறேன். நம்மில் பலருடைய பாதையும் இதுதான். மூன்று மொழிகளும் நமக்குத் தெரியும் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் எனக்கு எப்படிக் கலைந்தது என்பதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட மருத்துவச் செய்திகளையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு, பல்கலைக்கழக விடுமுறையில் பேராவிலுள்ள எங்கள் வீட்டில் இருந்தேன். தம்பிக்கு அப்போது வயது 17. எஸ்.பி.எம். தேர்வுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. வியாழக்கிழமை இரவு அவன் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பாட்டி, "நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, காத்துப் புடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்துவிட்டார். அம்மா கேஸ்ட்ரிக் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிறு சுத்தமாகும் என்றும் பாட்டி சொன்னார். நல்லவேளை, தம்பி குடிக்க மறுத்துவிட்டான்.

விடிவதற்குள் வலி கீழ் வயிற்றின் வலப்பக்கத்திற்கு நகர்ந்திருந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தான். இருமினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கிளினிக் டாக்டர் அழுத்திப் பார்த்தவுடனே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, மாலை ஐந்து மணிக்கு அறுவை சிகிச்சைப் பிரிவின் டாக்டர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலைக்குப் போதுமான மலாய் தெரியும். மருத்துவமனை மலாய் தெரியாது. அதனால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். தம்பிக்குக் குடல்வால் அழற்சி. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அறுவை சிகிச்சை. மற்றொன்று 'கன்சர்வேட்டிவ்' சிகிச்சை, அதாவது ஊசி வழியாக மருந்து ஏற்றிக் கவனிப்பது. ஸ்கேனில் ஒரு கல் தெரிவதால் அறுவையே நல்லது என்று தாம் கருதுவதாகவும் அவர் சொன்னார்.

'கன்சர்வேட்டிவ்' என்ற சொல் என் காதில் விழுந்ததும், தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த 'இயற்கை வளப் பாதுகாப்பு' நினைவுக்கு வந்தது. 'கன்சர்வேஷன்' என்றால் பாதுகாப்பு. ஆகவே நான் அப்பாவிடம், "ஆப்பரேஷன் பண்ணலாம்ப்பா. இல்லன்னா பாதுகாப்பான சிகிச்சை ஒன்னு இருக்கு, மருந்து ஏத்திப் பாப்பாங்க" என்றேன். கல்லைப் பற்றியும் சொன்னேன்; ஆனால் அதற்குள் அப்பா முடிவு செய்துவிட்டார்.

"பாதுகாப்பா ஒன்னு இருக்கும்போது எதுக்குமா புள்ளய வெட்டணும்? வேணாம்னு சொல்லு."

தம்பிக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. ஒப்புதல் பாரத்தில் கையொப்பமிட வேண்டியவர் அப்பாதான். அவர் கையொப்பமிடவில்லை. அந்த முடிவை உண்மையில் எடுத்தது என் மொழிபெயர்ப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குடல்வாலும் அதன் அழற்சியும்

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், கீழ் வயிற்றின் வலப்பக்கத்தில், புழுவைப் போல் தொங்கும் சிறு குழாயே குடல்வால். இதன் நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு முனை பெருங்குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். முட்டுச்சந்தைப் போன்ற இந்த அமைப்பே சிக்கலுக்குக் காரணமாகிறது.

திறந்த வாயை இறுகிய மலக்கல்லோ, வீங்கிய நிணநீர்த் திசுவோ அடைத்துக்கொண்டால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லை. குழாய் வீங்குகிறது, உள்ளே அழுத்தம் கூடுகிறது, கிருமிகள் பெருகுகின்றன. அழுத்தம் மிகும்போது குழாயின் சுவருக்கு இரத்தம் செல்வது குறைகிறது. இரத்தம் கிடைக்காத பகுதி அழுகத் தொடங்கி, இறுதியில் ஓட்டை விழலாம். அப்போது சீழும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவும். இதனை வயிற்றறை உறை அழற்சி என்பர். இது உயிருக்கே ஆபத்தானது.

வலி நகர்வதற்கும் காரணம் உண்டு. தொடக்கத்தில் குடல்வாலின் உள்நரம்புகளே வலியை உணர்த்துகின்றன. அவற்றால் இடத்தைத் துல்லியமாகக் காட்ட இயலாது. ஆகவே தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கிறது. வீக்கம் வயிற்றறையின் உட்புற உறையைத் தொட்டதும், வலி 'இங்கேதான்' என்று வலப்பக்கத்தைக் காட்டுகிறது. பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியவையும் சேர்ந்து வரும். எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசையிலேயே வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த வயதிலும் இந்நோய் வரலாம். எனினும், 10 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களிடையே அதிகம் காணப்படுகிறது. சுருங்கச் சொன்னால், நம் விடுதிகளில் தங்கியிருப்பவர்களின் வயது. 'நேற்றுச் சாப்பிட்ட மீ கோரெங் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் தள்ளிப்போடும் வலிகளுள் ஒன்று இதுவாகவும் இருக்கலாம்.

டாக்டர்கள் இதனை ஒரே ஓர் அறிகுறியைக் கொண்டு முடிவு செய்வதில்லை. 1986இல் அல்வராடோ என்ற மருத்துவர் வெளியிட்ட புள்ளி முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. வலி நகர்தல், பசியின்மை, குமட்டல், வலப்பக்க அழுத்தவலி, அழுத்திக் கையை எடுக்கும்போது வரும் வலி, காய்ச்சல், வெள்ளணுக்களின் எண்ணிக்கை, அவற்றின் வகை என எட்டுக் கூறுகளுக்கு மொத்தம் 10 புள்ளிகள். இதனோடு ஸ்கேன் படமும் சேரும்போது நோயின் நிலை ஓரளவு தெளிவாகிறது.

வரலாறு சொல்லும் பாடம்

வெட்டுவதா, காத்திருப்பதா என்ற கேள்வி புதியதன்று. 1735இல் இலண்டனில் கிளாடியஸ் அமியான்ட் என்ற அறுவை மருத்துவர் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தை அறுவை செய்தபோது, அதற்குள் ஊசி துளைத்த குடல்வாலைக் கண்டு அகற்றினார். பதிவான முதல் குடல்வால் அகற்றம் இதுவே எனக் கூறப்படுகிறது. ஆனாலும் அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகள்வரை இந்நோயின் மூலம் எதுவென்று தெளிவாக அறியப்படவில்லை. 1886இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ரெஜினால்டு ஃபிட்ஸ், வலப்பக்க வயிற்று நோய்கள் பலவற்றிற்கும் மூலம் குடல்வாலே என்று காட்டி, அந்நோய்க்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரையும் சூட்டினார். விரைந்து கண்டறிந்து அறுவை செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

1902இல் ஒரு மன்னரே இக்கேள்வியின் முன் நின்றார். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு ஜூன் 26ஆம் நாள் முடிசூட்டு விழா நடைபெறவிருந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே வயிற்று வலி தொடங்கிவிட்டது. முதலில் காத்திருந்து பார்த்தார்கள். நிலைமை மோசமானதும் ஜூன் 24ஆம் நாள், விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அறுவை செய்தார். குடல்வாலை அவர் அகற்றவில்லை. கட்டியிருந்த சீழை மட்டும் வடித்தார். விழா தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்டு 9ஆம் நாள் மன்னர் முடிசூடினார். விழாவும் விருந்தினரும் காத்திருக்கலாம், சீழ் காத்திருக்காது என்பதை அந்நாடு அன்று கண்டது.

இன்னொரு நிகழ்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. 1961, ஏப்ரல் மாத இறுதியில், அண்டார்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்காயா ஆய்வு நிலையத்தில் இருந்த 27 வயது சோவியத் மருத்துவர் லியோனிட் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. அந்நிலையத்தில் அவர் ஒருவர்தாம் மருத்துவர். அவர் முதலில் தேர்ந்தெடுத்தது மருந்தைத்தான். நுண்ணுயிர்க்கொல்லி எடுத்துக்கொண்டார், ஓய்வாக இருந்தார். ஆனால் உடல்நிலை மேலும் மோசமாகியது. ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, தோழர்கள் கண்ணாடி பிடிக்க, கருவிகளை எடுத்துக் கொடுக்க, அவர் தம் வயிற்றைத் தாமே அறுத்துக் குடல்வாலை அகற்றினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. இரண்டு வாரங்களில் வேலைக்குத் திரும்பினார்.

இதனைப் பலரும் துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. அவர் மருந்தைத் தேர்ந்தெடுத்தபோது கோழையும் அல்லர். கத்தியை எடுத்தபோது முரடரும் அல்லர். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு மணி நேரமும் பார்த்து, அதற்கேற்ப முடிவை மாற்றிக்கொண்டார்.

மருந்து மட்டும் போதுமா? – ஆய்வுகள் கூறுவன

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவலான பிறகு, 1950களில் இங்கிலாந்தில் கோல்ட்ரி என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு அறுவையின்றிச் சிகிச்சை அளித்து, பெரும்பாலோர் குணமடைந்ததைப் பதிவு செய்தார். எனினும் உலகெங்கும் அறுவையே வழக்கமாக நீடித்தது. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்பவர் சிறு துளைகளின் வழியே குடல்வாலை அகற்றிக் காட்டிய பிறகு, அறுவையும் எளிதாகிக்கொண்டே வந்தது.

இருபத்தோராம் நூற்றாண்டில் இக்கேள்வி பெரிய ஆய்வுகளாக மீண்டும் எழுந்தது. அவற்றுள் இரண்டை அறிந்துகொள்வோம்.

முதலாவது, பின்லாந்தில் நடைபெற்ற 'அப்பாக்' ஆய்வு. 2015இல் முடிவு வெளியானது. ஸ்கேன் வழி சிக்கலற்றது என்று உறுதி செய்யப்பட்ட அழற்சியுடைய 530 பேர் இதில் பங்கேற்றனர். மலக்கல் இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. மருந்து மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. மீதமுள்ளோர் அந்த ஓராண்டைக் கத்தியின்றிக் கடந்தனர். ஐந்தாண்டு முடிவு 2018இல் வெளிவந்தபோது, நோய் திரும்பியவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். அதே வேளையில், மருந்து பெற்றவர்களிடையே புண் தொற்று போன்ற பின்விளைவுகள் குறைவாக இருந்தன. இந்த ஆய்வில் பெரும்பாலும் வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறை அறுவையே நடந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 2020இல் அமெரிக்காவில் வெளியான 'கோடா' ஆய்வு. 1,552 பேர் பங்கேற்றனர். இம்முறை மலக்கல் உடையவர்களும் சேர்க்கப்பட்டனர். முப்பது நாள் கழித்துப் பார்த்தால், பொதுவான உடல்நலத்தில் மருந்து அறுவைக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால், மருந்து பெற்றவர்களுள் 29 விழுக்காட்டினருக்கு 90 நாள்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. மலக்கல் இல்லாதவர்களுக்கு இது 25 விழுக்காடு. மலக்கல் உள்ளவர்களுக்கு 41 விழுக்காடு. மலக்கல் உடையவர்களுக்குப் பின்விளைவுகளும் கூடுதலாக ஏற்பட்டன.

இந்த எண்களை என் பாட்டிக்குச் சொல்வது போல் சொல்கிறேன். கல் இல்லாத, சிக்கலற்ற அழற்சி உடைய நான்கு பேருக்கு மருந்து மட்டும் கொடுத்தால், மூன்று மாதத்திற்குள் ஒருவர் அறுவைக்குத் திரும்பி வருவார். கல் இருந்தால் ஐந்து பேரில் இருவர் திரும்பி வருவார்கள். காலம் செல்லச் செல்ல இன்னும் சிலர் வருவார்கள். அறுவை செய்தால் நோய் திரும்பும் கவலை ஏறக்குறைய இல்லை; ஆனால் மயக்க மருந்து, புண் தொற்று போன்றவற்றின் சிறு ஆபத்து உண்டு.

எப்போது எது?

ஆகவே 'கத்தியா, மருந்தா?' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. 'எந்த வகை அழற்சி?' என்பதே முதல் கேள்வி.

ஓட்டை விழுந்து சீழ் வயிறெங்கும் பரவியிருந்தால் அறுவை அவசரமாகத் தேவை. இங்கே தேர்வு செய்ய இடமில்லை. நோய் சில நாள்கள் முற்றி, சீழ் ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டிருந்தால், பல வேளைகளில் முதலில் மருந்து கொடுத்துக் குழாய் வழியாகச் சீழை வடிப்பார்கள். கடுமையான நிலையிலும் கத்தி பின்னால் வரலாம் என்பதற்கு இது சான்று. சிக்கலற்ற அழற்சியில்தான் நோயாளியின் விருப்பத்திற்கு உண்மையான இடம் உண்டு. அங்கேயும் மலக்கல் இருந்தால் தராசு அறுவையின் பக்கம் சாய்கிறது. கருவுற்ற பெண்கள், முதியோர், வேறு நோய் உடையவர்கள் ஆகியோருக்கு மேற்கண்ட ஆய்வுகளை அப்படியே பொருத்த இயலாது. அவர்களைத் தனித்தனியே எடைபோட வேண்டும்.

'அவசரம்' என்ற சொல்லையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிக்கலற்ற அழற்சியில், மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கும்பட்சத்தில், 24 மணி நேரம் வரை அறுவைக்குக் காத்திருக்கலாம் என்று 2020இல் வெளியான உலக அவசர அறுவை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டி கூறுகிறது. அதாவது, டாக்டரிடம் இன்னும் நான்கு கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. ஆனால் வீட்டில் காத்திருப்பது வேறு. வலி திடீரெனக் குறைந்தால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது; குடல்வால் வெடித்த பிறகும் சிறிது நேரம் வலி தணியலாம். வயிற்றைப் பிசைவதும், பேதி மருந்து கொடுப்பதும் ஆபத்தை விளைவிக்கும்.

அன்றிரவு நடந்தது

இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. தம்பியின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரவு எட்டரை மணிக்கு அந்த டாக்டர் மீண்டும் வந்தார். காய்ச்சல் ஏறியிருந்தது. அறுவைக்கு ஏன் தயங்குகிறீர்கள் என்று இம்முறை நேராக அப்பாவிடமே மலாயில் கேட்டார். அப்பா தமக்குத் தெரிந்த மலாயில், "டாக்டர் சொன்னதில் எது 'செலாமாட்' ஆனதோ அதையே எடுத்துக்கொண்டோம்" என்றார்.

டாக்டர் வியப்போடு என்னைப் பார்த்தார். "நான் 'செலாமாட்' என்று சொல்லவே இல்லையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'கன்சர்வேட்டிவ்' என்றால் மருத்துவத்தில் 'வெட்டாமல் செய்வது' என்று மட்டுமே பொருள். அது பாதுகாப்பானதா இல்லையா என்று அச்சொல் எதுவும் சொல்வதில்லை. நான் 'பாதுகாப்பு' என்றேன். அப்பா 'ஆபத்தில்லாதது' என்று கேட்டுக்கொண்டார். ஒரே தமிழ்ச் சொல்லில் இரண்டு பொருள்கள். காடுகளைப் பாதுகாப்பது வேறு, மகன் பாதுகாப்பாக இருப்பது வேறு.

நான் டாக்டரிடம் என் தவற்றைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளின் பின்பக்கத்தில் குடலையும், அதில் தொங்கும் குழாயையும், அதன் வாயில் அடைத்த கல்லையும் வரைந்தார். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, நான் தமிழில் சொல்லும்வரை பொறுத்திருந்தார். கல் அடைத்திருப்பதால் மருந்து தோற்கும் வாய்ப்பு அதிகம் என்பதை இம்முறை அப்பா படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பையனா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேளு."

"இந்தக் கல்லோடு என்றால், இன்றிரவே அறுவை" என்றார் டாக்டர்.

அப்பா கையொப்பமிட்டார். பாட்டி வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குத் தம்பியை உள்ளே கொண்டுசென்றார்கள். குடல்வாலின் நுனி கறுத்துப் போயிருந்தது, ஓட்டை விழவில்லை. திங்கட்கிழமை அவன் வீடு திரும்பினான். எஸ்.பி.எம். தேர்வையும் எழுதினான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் என் பிழை சிறியதாகிவிடாது. வீடு திரும்பிய அன்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை: "நீ தப்பாச் சொன்னதுகூடப் பரவாயில்லமா. அந்தச் சொல்லு எனக்குச் சரியாத் தெரியலன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே டாக்டர திருப்பிக் கேட்டிருப்பேன்."

நாம் கைவசம் வைத்திருக்க வேண்டிய சொற்கள்

என் அனுபவத்தைக் கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல உதவும் சில விளக்கங்களைத் தருகிறேன். கலைச்சொல்லாக்கம் செய்வது என் நோக்கமன்று. கேட்பவருக்குப் பொருள் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

கன்சர்வேட்டிவ் சிகிச்சை: அறுவை செய்யாமல், மருந்து கொடுத்து, மாற்றத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது. தேவைப்பட்டால் பிறகு அறுவைக்கு மாறலாம்.

சிக்கலற்ற அழற்சி: வீங்கியிருக்கிறது, ஆனால் அழுகவில்லை, ஓட்டை விழவில்லை, சீழ் கட்டவில்லை. 'சாதாரண நோய்' என்று சொல்லிவிடக் கூடாது.

மலக்கல்: குடல்வாலின் வாயை அடைக்கும் இறுகிய மலத்துணுக்கு. சிறுநீரகக் கல் அன்று. இதனைத் தனியே விளக்காவிட்டால் பெரியவர்கள் சிறுநீரகக் கல் என்றே எண்ணிக்கொள்வார்கள்.

லாப்பரோஸ்கோப்பி: சிறு துளைகள் இட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் அறுவை. 'லேசர்' அன்று. எங்கள் பாட்டி இன்றும் தம்பிக்கு லேசர் செய்தார்கள் என்றுதான் அண்டை வீட்டாரிடம் சொல்கிறார்.

ஒப்புதல்: 'நடப்பது இன்னதென்று புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்' என்பது. வெறும் கையொப்பம் அன்று.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இத்தகைய நிலை நம் குடும்பத்தில் யாருக்கு வந்தாலும், பின்வரும் கேள்விகளைக் கேட்கலாம்.

1. நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? ஓட்டை, சீழ், கல் ஏதும் தெரிகிறதா?

2. அறுவை செய்தால் என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆபத்து? இரண்டையும் எண்ணிக்கையில் சொல்ல முடியுமா?

3. மருந்தைத் தேர்ந்தெடுத்தால், அது பலிக்கவில்லை என்பதை எதைக் கொண்டு, எத்தனை மணி நேரத்தில் முடிவு செய்வீர்கள்?

4. முடிவெடுக்க எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

5. நான் புரிந்துகொண்டதை என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். சரியா என்று பார்க்கிறீர்களா?

ஐந்தாம் கேள்வியைத்தான் நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

முடிவுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகக் காண்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து உதவுபவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். பள்ளியில் படித்தபோது, மருந்தை எடுத்துக் கொடுப்பவர், கஞ்சி வைத்துக் கொடுப்பவர் என்றுதான் அந்த நான்காமவரைக் கற்பனை செய்திருந்தேன். நம் நாட்டில், பல தமிழ்க் குடும்பங்களில், டாக்டரின் சொல்லைத் தாய் தந்தையரிடம் கொண்டு சேர்க்கும் பிள்ளையும் அந்த நான்காமவர்தாம் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

பேரவை நண்பர்களே, பட்டிமன்றத்திலும் கவியரங்கிலும் நாம் தமிழ் வளர்க்கிறோம். அது தேவைதான். அதே தமிழ் ஒருநாள் மருத்துவமனைக் கட்டிலருகே நம்மிடம் வேலை கேட்கும். அன்று அழகான சொல் தேவைப்படாது. சரியான சொல் தேவைப்படும். சரியான சொல் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிடலாம். நம் பெற்றோருக்கு அதைவிடப் பெரிய மொழிபெயர்ப்பு உதவி வேறில்லை.